மிர்த்தியா கிளப்பும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும்

ராசா,

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் நீ அலுவலக மின்னஞ்சல் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஓகே அம்மா, நோட்டட்" என்று பதில் போட்டுவிடுவாய். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன அத்தனை வருடங்களுக்கும் இன்றைக்காவது ஒரு பலன் கிடைக்கட்டும். மெதுவாக வாசி. இந்தக் கிழமை முழுவதும் நான் சொல்ல வந்ததை நீ முடிக்க விடவில்லை. வாசலில் நின்று கார்த் திறப்பை ஆட்டிக்கொண்டே கேட்கிற பிள்ளையிடம் எதைத்தான் சொல்லி முடிப்பது? எனக்கும் எழுபது வயதாகிறது. முழங்கால் இரண்டும் சொல்வழி கேட்பதில்லை. நின்று வாக்குவாதப்பட மூச்சும் இல்லை. அதனால் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன்.

நீ என்னிடம் கேட்டது இதுதான். ஞாயிற்றுக்கிழமை மிர்த்தியா கிளப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு நான் வரவேண்டும். கிரான்பர்னிலும் ஸ்பிரிங்வேலிலும் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் போன் எடுத்து அவர்களையும் வரச்சொல்ல வேண்டும். கிளப்பின் தலைவராக நீ கொண்டுவரும் பெயர் மாற்றத்துக்கு நாங்கள் எல்லாரும் கை உயர்த்த வேண்டும். கிரேக்கர் தொடங்கிய உதைபந்தாட்டக் கிளப்புக்கு என் வயிற்றில் பிறந்தது தலைவராக வந்ததில் எனக்குப் பெருமை இல்லையென்று நினைக்காதே. வதனா அன்ரியைக் கேட்டுப்பார், நான் சொல்லிச் சொல்லி அவருக்குக் காது புளித்திருக்கும். அந்தப் பெருமையோடு சேர்த்துத்தான் மற்றதையும் சொல்லப் போகிறேன்.

நீ சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. உன் மகள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காருக்குள் துவாயைக் கட்டிக்கொண்டு உடுப்பு மாற்றுகிறாள். பெண் பிள்ளைகளுக்கு ஓர் அறை கட்டக் கிளப்பிடம் வசதியில்லை. நகரசபைக் கவுன்சிலிடம் கேட்டால், ஓர் இனத்தாருக்கு மட்டும் உரியதுபோல் இருக்கும் பெயரை மாற்றினால் பரிசீலிப்பது சுலபம் என்கிறார்கள். மேல் லீக்குக்கு விண்ணப்பிக்கவும் அதே கதை. "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ நேம். இப்ப விளையாடுற பிள்ளையளுக்கு அதைச் சொல்லவே வராது" என்றாய். புதுப் பெயரையும் காட்டினாய். ஒரு திசையும் யுனைற்றட் என்ற சொல்லும். திசையைப் பெயராக வைத்த கிளப்புக்கு யார் கைதட்டுவார்கள், திசைகாட்டியா என்று நான் கேட்டபோது உனக்குச் சிரிப்பு வந்தது, அதை நீ அடக்கிக்கொண்டாய். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாய். பன்னிரண்டு வருடம் அங்கே விளையாடியும் அந்தக் கிரேக்கரில் பாதிப் பேர் உன் பெயரை முழுதாக ஒரு தரம்கூடச் சொன்னதில்லை என்றாய். அது உண்மை. உனக்குப் பதினைந்து வயதில், வேலியோரம் நின்ற ஒருவன் தன் மகனுக்குக் கொடுக்க வேண்டிய இடத்தை இந்தியனுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று சத்தம் போட்டதை நானும் கேட்டேன். அவர்கள் ஒன்றும் தேவர்கள் இல்லை. நான் அவர்களைக் கோயிலில் வைத்துக் கும்பிடவும் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் பெயர் என்னவென்று உனக்குச் சரியாகத் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. விளையாடியவனுக்குக் கோல் தெரியும், புள்ளி தெரியும். கன்ரீனில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நின்றவளுக்குத்தான் மற்றக் கதைகள் தெரியும். கிளப்பைத் தொடங்கிய கிரேக்கரில் ஒருவரான ஸ்தவ்ரோஸ் அங்கிள் ஆட்டத்தைப் பார்க்கப் பயந்து இடைவேளைக்குப் பிறகு கன்ரீனுக்குள் வந்து நின்றுவிடுவார். அவருக்கு நெஞ்சு படபடக்குமாம். அப்போது தன் உடைந்த ஆங்கிலத்தில் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார், நான் என் உடைந்த ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு முழு ஆங்கிலம்கூடத் தேறாது. அப்படித் துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்த்ததைத்தான் இப்போது உனக்கு எழுதுகிறேன்.

மிர்த்தியா ஓர் ஊர். கிரேக்க நாட்டில் இல்லை. கடலுக்கு மறுபக்கம், இப்போது துருக்கியில் இருக்கிறது, இப்போது அதற்கு வேறு பெயர். ஸ்தவ்ரோஸ் அங்கிளின் தகப்பன் அங்கே பிறந்தவர். சண்டை வந்து ஊர் எரிந்தபோது சின்னப் பிள்ளையாகத் தாயின் இடுப்பில் தொற்றிக்கொண்டு வள்ளம் ஏறியவர். கிரேக்க நாட்டில் போய் இறங்கினால், அங்கே இருந்த கிரேக்கர்களே இவர்களைத் துருக்கி விதை என்று திட்டினார்களாம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் குடியிருப்பில் இந்த ஊர்க்காரர் எல்லாரும் ஒன்றாக இருந்திருக்கிறார்கள். அங்கே வளர்ந்த பிள்ளைகள் சிலர் பிறகு கப்பலேறி மெல்பேர்னுக்கு வந்தார்கள். பகலில் வார்ப்பாலையிலும் கார்த் தொழிற்சாலையிலும் வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் ஒரு புல்வெளியில் பந்தடித்தார்கள். கோல் கம்பங்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போய் நட்டுவிட்டு, முடிந்ததும் பிடுங்கிக்கொண்டு வருவார்களாம், விட்டுவிட்டு வந்தால் அடுத்த கிழமை இருக்காது. அந்த அணிக்கு ஒரு பெயர் வேண்டும் என்றபோது, தங்களில் ஒருவரும் கண்ணால் கண்டிராத அந்த ஊரின் பெயரை வைத்தார்கள். உலகத்தில் வேறெந்தப் பலகையிலும் அந்தப் பெயர் இப்போது இல்லை என்று ஸ்தவ்ரோஸ் அங்கிள் ஒரு தரம் சொன்னார். பெருமையாகச் சொல்லவில்லை, வானிலை சொல்வதுபோல் சொன்னார். சொல்லிவிட்டு இரண்டு ரோல்ஸ் வாங்கிக்கொண்டு போனார்.

நாங்கள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தோம் என்பது உனக்குத் தெரிந்த கதைதான். அப்பாவுக்கு முதல் வேலை கிடைத்த தொழிற்சாலையில் ஸ்தவ்ரோஸ் அங்கிள்தான் மேற்பார்வையாளர். "உனக்குப் பையன் இருக்கிறானா? காலில்லாதவனா? பிறகென்ன, கூட்டிக்கொண்டு வா" என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு இன்றுவரை ஓஃப்சைட் என்றால் என்னவென்று தெரியாது. கிரிக்கெட் இல்லாத எந்த விளையாட்டும் அவருக்கு மாடு கலைக்கிற மாதிரித்தான். மேற்பார்வையாளர் சொல்லைத் தட்டக்கூடாது என்று பயந்துதான் உன்னை அனுப்பினார். ஸ்பிரிங்வேலில் அந்தச் சின்ன பிளாட்டில் நாங்கள் இருந்தபோது, எங்களுக்கு இந்த நாட்டில் தெரிந்த வெள்ளைக்காரர் இவர்கள் மட்டும்தான். பிறகுதான் தெரிந்தது, வெள்ளைக்காரர் இவர்களை வெள்ளைக்காரராகக் கணக்கெடுப்பதில்லை என்று. ஆட்டப் பருவம் தொடங்கும் நாள் தாடி வைத்த பாதிரியார் வந்து, வாளித் தண்ணீரில் இலைக்கொத்தைத் தோய்த்து மைதானத்துக்குத் தெளிப்பார். "அம்மா, துளசியா?" என்று நீ பலத்துக் கேட்டாய். மணத்தைப் பார்த்தால் துளசிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரித்தான் இருந்தது. அன்றைக்கு எனக்கு அந்த இடத்தில் பயம் விட்டுப்போனது.

பெயரை மாற்றுவது இது முதல் தரம் இல்லை, ராசா. உனக்கு ஒன்பது வயது இருக்கும். கிளப் அப்போது தேசிய லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. கிளப்புகளின் பெயரிலோ சின்னத்திலோ கொடியிலோ வேறு நாட்டு வாடை இருக்கக்கூடாது, இருந்தால் லீக்கில் இடமில்லை என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். புதுச் சட்டைகள் வந்து சேரும்வரைக்கும் சின்னப் பிள்ளைகளின் சட்டையில் சின்னத்தின் மேல் கறுப்பு ஒட்டுநாடா ஒட்டினோம். நான்தான் ஒட்டினேன், நீ வரிசையில் வந்து நின்றாய். "ஏன் அம்மா மறைக்கிறீங்கள்?" என்று கேட்டாய். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, பேசாமல் நில் என்றுதான் சொல்லியிருப்பேன். ஸ்தவ்ரோஸ் அங்கிள் வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றித் தன் கராஜில் கொண்டுபோய் வைத்தார். பெயரை மாற்றிய பிறகு புது ஆட்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள் என்றார்கள். ஒருவரும் வரவில்லை. இருந்த கிழவர்களிலும் பாதிப் பேர் வராமல் விட்டார்கள். சில வருடத்தில் மேலிடத்தார் அந்த லீக்கையே கலைத்துவிட்டுப் புதிதாக ஒன்று தொடங்கினார்கள். அதில் பழைய கிளப்புகளுக்கு இடமே இல்லை. உள்ளதும் போச்சடா நொள்ளைக் கண்ணா என்பார்களே, அதுதான் நடந்தது. கீழ் லீக்குக்கு வந்து விழுந்தபிறகு, இனி என்ன மறைக்க இருக்கிறது என்று பலகையைத் திரும்பக் கொண்டுவந்து கொழுவினார்கள். கவுன்சில் சொல்வதை நீ வேதவாக்காக எடுக்கும்போது எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வருகிறது. பெயரைக் கொடு, இடம் தருகிறோம் என்று அவர்களுக்கு முன்னரும் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு வந்த வருடங்கள் மிகவும் மோசமானவை. கிரேக்கரின் பேரப்பிள்ளைகள் வேறு பேட்டைகளுக்குப் போய்விட்டார்கள். சின்னப் பிள்ளைகளின் அணிக்கு ஆளில்லை. ஆளில்லாவிட்டால் கிளப்பைப் பதிவிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற நிலைமை. ஸ்தவ்ரோஸ் அங்கிள் ஒருநாள் கன்ரீனுக்கு வந்து, "உங்கள் ஆட்களிடம் பிள்ளைகள் இருக்கிறார்கள், எங்களிடம் மைதானம் இருக்கிறது" என்றார். ஆள் பிடித்தது நான்தான். தமிழ்ப் பள்ளிக்கூட வாசலிலும் ஸ்பிரிங்வேல் மரக்கறிக் கடையிலும் நின்று, கண்டவர்களையெல்லாம் மறித்துக் கேட்டேன். வதனா அன்ரி தன் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்தது என் கரைச்சல் தாங்காமல்தான். இரண்டு மூன்று வருடத்தில் மைதானத்தில் தமிழ் கேட்கத் தொடங்கியது. கன்ரீனில் அவர்களின் சுட்ட இறைச்சி சுவ்லாக்கிக்குப் பக்கத்தில் கொத்துரொட்டி வந்தது. அவர்களின் கிழவர்கள் உறைப்புத் தாங்காமல் கண்ணால் நீர் வடியவடியச் சாப்பிட்டார்கள்.

அப்போதெல்லாம் எங்களுக்கு வாக்கு இல்லை. கிளப்பின் யாப்பில், அதாவது சட்டதிட்டத்தில், கிரேக்க வம்சாவளியினரும் அவர்களைக் கட்டியவர்களும்தான் முழு உறுப்பினர் என்று இருந்தது. நாங்கள் துணை உறுப்பினர், கூட்டத்துக்கு வரலாம், தேத்தண்ணி குடிக்கலாம், கை உயர்த்த ஏலாது. அதை மாற்ற வேண்டும் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டவர் ஸ்தவ்ரோஸ் அங்கிள். பிள்ளைகளின் வேர்வை வேண்டும், தாய் தகப்பனின் வாக்கு வேண்டாமா என்று கூட்டத்தில் எழுந்து கேட்டார். அன்றைக்கு நீ சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் வேலை விஷயமாக இருந்தாய், அதனால் நீ அதைப் பார்க்கவில்லை. நான் பின்னால் குசினிக் கதவோரம் நின்று பார்த்தேன். அவர்கள் தங்கள் மொழியில் சண்டை பிடித்தார்கள், எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் எதைப் பற்றி என்று விளங்கியது. மிகாலிஸ் என்று ஒருவர், லொறியில் கோல் கம்பம் ஏற்றிய காலத்திலிருந்து ஸ்தவ்ரோஸ் அங்கிளுக்குக் கூட்டாளி. அவர் எழுந்து என் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். பிறகு வாக்கெடுத்தார்கள். எங்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. மிகாலிஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு போனவர்தான், அதற்குப் பிறகு மைதானத்துக்கு வரவேயில்லை. இரண்டு கிழவர்களும் ஒரு செத்தவீட்டில் சந்தித்தபோதுகூடக் கதைத்துக்கொள்ளவில்லை. அவர் என்ன சொன்னார் என்று பல மாதம் கழித்துத்தான் கேட்டேன். "ஒருநாள் இவர்கள் எங்களை வெளியே போடுவார்கள் என்று சொன்னான்" என்றார் ஸ்தவ்ரோஸ் அங்கிள். "நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டேன். "நான் இவர்களுடைய சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன், போடமாட்டார்கள் என்று சொன்னேன்."

இப்போது உன்னுடைய கணக்குக்கு வருகிறேன். போன ஞாயிறு நீ மேசையில் இருந்து உறுப்பினர் விபரத்தைப் பார்த்து, "அம்மா, எங்கட ஆக்கள் வந்தாலே காணும், வென்றுவிடுவம்" என்றாய். உண்மைதான், வெல்வோம். நாங்கள் இப்போது பெரும்பான்மை. ராசா, அந்தச் சொல் எனக்குப் பழக்கமான சொல். தலையை எண்ணி வென்றவர்களிடமிருந்துதானே நாங்கள் ஓடிவந்தோம்? சட்டப்படிதான் எல்லாம் நடந்தது. கை உயர்த்தித்தான் எங்கள் மொழியைத் தள்ளிவைத்தார்கள். கை உயர்த்தித்தான் ஊர்களுக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். இதைச் சொன்னதும் நீ, "தட்ஸ் நொட் த சேம், அம்மா" என்று கண்ணை மேலே உருட்டினாய். ஓம், ஒன்றல்ல. இங்கே ஒருவரும் ஒருவரையும் அடிக்கவில்லை, எரிக்கவில்லை. ஸ்தவ்ரோஸ் அங்கிள் தன் வீட்டில் பத்திரமாக இருப்பார். பந்தாட்டக் கிளப்பைக் கொண்டுபோய் நாட்டோடு ஒப்பிடுகிறாள் என்று நீ நினைப்பாய். ஆனால் அங்கே கை உயர்த்தியவர்களும் தங்கள் பிள்ளைகளின் நன்மைக்குத்தான் உயர்த்தினார்கள், ராசா. அவர்களில் எத்தனையோ பேர் நல்ல மனிதர்கள். எங்களோடு அவர்களுக்கு ஒரு கோபமும் இருக்கவில்லை. இவ்வளவையும் காதில் வாங்கிக்கொண்டிருந்த அப்பா, கிரிக்கெட்டில் வைத்த கண்ணை எடுக்காமல், "ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டினதாம்" என்றார். அதற்கு மேல் தன்னை இதில் இழுக்கவேண்டாம் என்றும் சொன்னார். அந்த மனிதரிடமிருந்து இவ்வளவு வந்ததே பெரிய காரியம்.

செவ்வாய்க்கிழமை நான் ஸ்தவ்ரோஸ் அங்கிளின் வீட்டுக்குப் போனேன். உனக்குச் சொல்லவில்லை. ரயிலும் பஸ்ஸும் மாறிப் போய்ச்சேர முழங்கால் கெஞ்சிவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன், அவர் என்னைத் திட்டுவார் என்றுதான் போனேன். நன்றிகெட்டவர்கள், மிகாலிஸ் அன்றைக்கே சொன்னான் என்று அவர் சத்தம் போட்டால், எனக்கும் ரோஷம் வரும். வந்தால், என் பிள்ளை பக்கம் நிற்பது சுலபமாகிவிடும். கிழவர் கதவைத் திறந்து, பிடித்து நடக்கிற வாக்கரைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், தானே கோப்பி போட்டுத் தந்தார். ஞாயிற்றுக்கிழமை விஷயமாக வந்தேன் என்று நான் தொடங்க, "உன் மகன் முதலே வந்து சொல்லிவிட்டான். முகத்துக்கு நேரே சொன்னான். நேர்மையான பிள்ளை" என்றார். நீ போய் வந்ததை எனக்கேன் மறைத்தாய் என்று தெரியவில்லை. அதைக் கேட்டபோது எனக்கு உன்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. "உங்களுக்குக் கோபமில்லையா?" என்று கேட்டேன். "கோபப்படுவதென்றால் நான் எழுந்து நின்றுதான் கோபப்படுவேன். இப்போது எழும்ப முடியவில்லை" என்றார்.

கிளப்பின் வழக்கம் உனக்குத் தெரியும். பொதுக்கூட்டத்தில் கையை எண்ணுவது இருக்கிறவர்களில் மூத்த உறுப்பினர். யாப்பில் எழுதவில்லை, தொடங்கிய நாளிலிருந்து வருகிற பழக்கம். முதல் வந்தவர்களில் பலருக்கு எழுத வாசிக்கத் தெரியாது, கடதாசியில் வாக்குப் போட ஏலாது, அதனால் ஒரு பெரியவர் வரிசை வரிசையாக நடந்து, கடைசி வரிசையிலிருந்து தொடங்கி, கிரேக்கத்தில் பலத்து எண்ணிக்கொண்டு வருவார். எனா, தியோ, த்ரியா. நீயும் உன் கூட்டாளிகளும் அவர் பின்னால் ஒளிந்து நின்று சேர்ந்து எண்ணி ஏச்சு வாங்கியிருக்கிறீர்கள். இந்த ஞாயிறு அந்தப் பெயரை எடுக்க உயரும் கைகளை எண்ணப்போகிறவர் ஸ்தவ்ரோஸ் அங்கிள்தான், அவரைவிட மூத்தவர் இப்போது இல்லை. நான் மெல்லச் சொன்னேன், போனிலே வாக்குப் போடுகிற வழி இருக்கிறது, நீங்கள் கஷ்டப்பட வேண்டாம் என்று. அதையும் நீ சொல்லியிருக்கிறாய், அவர் மறுத்திருக்கிறார். "நான் எண்ணினால்தான் எங்கள் கிழவர்கள் முடிவை ஏற்றுக்கொள்வார்கள். நான் வீட்டில் இருந்தால் களவு என்பார்கள், கிளப் இரண்டாக உடையும். பெயர் போனால் போகட்டும். கிளப் உடையக் கூடாது" என்றார்.

எழுந்து வரும்போது வாசல்வரை வந்து, உன்னிடம் ஒன்று மட்டும் சொல்லச் சொன்னார். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம் முழுவதும். கதிரைகளைப் போடும்போது வரிசைகளுக்கு நடுவில் வாக்கர் போகிற அளவுக்கு அகலமாக இடம் விடட்டாம். போன முறை பின்பக்கம் அவரால் வர முடியாமல், கடைசி வரிசையைத் தூரத்தில் நின்று எண்ணினாராம், அது சரியா பிழையா என்று இன்னமும் அவருக்கு மனசு கேட்கவில்லையாம். "உங்கள் ஆட்கள் பின்னால்தான் இருப்பார்கள். அவர்களில் ஒரு கையும் விடுபட்டுப் போகக் கூடாது" என்றார்.

ராசா, நான் பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தேன். எனக்கு வயதாகிவிட்டது, எதற்கும் கண் கலங்குகிறது, அதை விடு. நீ கேட்டபடி எல்லாருக்கும் போன் எடுத்துவிட்டேன், ஒரு குடும்பத்தையும் விடவில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் மிர்த்தியா என்றால் என்னவென்று சொன்னேன். எங்களுக்கு வாக்கு எப்படி வந்தது என்றும் சொன்னேன். வதனா அன்ரி, "என்னக்கா, உங்கட மகன்தானே கொண்டுவாறார், பிறகென்ன கதை?" என்றார். "ஓம், மகன்தான். வாங்கோ. அவன் சொல்லுறதையும் கேளுங்கோ. கேட்டுப்போட்டு உங்கட கையை நீங்களே பாத்துத் தூக்குங்கோ" என்றேன். அதற்கு அவர், "உங்கட பேத்திக்கும் உடுப்பு மாத்த இடமில்லைத்தானே அக்கா" என்றார். அவர் உனக்குத்தான் கை உயர்த்துவார் என்று நினைக்கிறேன். பெரும்பாலானவர்கள் அப்படித்தான். நீ வெல்வாய்.

வேறு வழி என்ன என்று என்னிடம் கேட்டால், எனக்குத் தெரியாது. கவுன்சிலோடு மல்லுக்கட்டலாம், வேறு எங்காவது கேட்டுப் பார்க்கலாம், அதெல்லாம் உன்னைப்போல் படித்தவர்களின் வேலை, அதற்கு எத்தனை வருடம் போகும் என்றும் தெரியாது. அதுவரைக்கும் உன் மகள் காருக்குள்தான் உடுப்பு மாற்ற வேண்டி வரும். அவளுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அப்பம்மாதான் காரணம் என்று. ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் முடவனுக்குக் கோபம். எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் தெரிகிறது. நியாயம் பார்த்து இதில் ஒரு முடிவுக்கும் வரமுடியாது என்று கண்டபிறகுதான் முடிவெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் உனக்கு எதிராகக் கை உயர்த்தப் போகிறேன். அம்மாவே எதிர்க்கிறா என்று ஆட்கள் உன்னைப் பார்ப்பார்கள். உனக்கு அது வெட்கமாக இருக்கும். அதற்காகத்தான் முன்கூட்டியே எழுதுகிறேன், அங்கே வைத்துத் திடுக்கிட வேண்டாம். உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ கெட்ட பிள்ளையாக இருந்தால் எனக்கு இவ்வளவு அலுப்பு வந்திருக்காது.

நான் முன்னால் கிரேக்கக் கிழவிகளோடு போய் இருக்கமாட்டேன். பின்னால், வதனா அன்ரிக்குப் பக்கத்தில், எங்கள் ஆட்களுக்கு நடுவில்தான் இருப்பேன். நீ கதிரைகளை மறக்காமல் அகலமாகப் போடு. முதலில் ஆதரிப்பவர்களை எண்ணுவார், ஒரு கையும் விடமாட்டார். பிறகு எதிர்ப்பவர்கள் என்று கேட்டுக்கொண்டு திரும்பவும் கடைசி வரிசைக்கு வருவார். அந்தக் காலை வைத்துக்கொண்டு இரண்டாம் தரமும் அவ்வளவு தூரம் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வருகிற மனிதர், எங்களுடைய வரிசையில் ஒரு கையாவது எண்ணிவிட்டுப் போகட்டும்.

அம்மா